மொட்டை மாடியில் சேர்ந்த உப்பு

ஆனையூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நாற்பது செடிப்பைகள். கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, மூலையில் ஒரு கறிவேப்பிலை, தண்ணீர்த் தொட்டி நிழலில் கீரை. கார்த்திகையில் போய்ப் பார்த்தால் காடு மாதிரி நிற்கும். சித்திரையில் போனால் பாதிக்குமேல் கருகிக் கிடக்கும். வருஷா வருஷம் இப்படித்தான். "மதுரை வெயிலுக்கு எதுடா தாங்கும்" என்று அக்கா பைகளைக் கவிழ்த்துவிட்டு, ஆடியில் புது மண் வாங்கி மறுபடி ஆரம்பிப்பாள். இந்தக் கோடையில் கவிழ்க்கவிடாமல் தடுத்து, என்னதான் காரணம் என்று பார்த்தோம்.

வெயிலுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெயிலில் துவளும் இலை பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். இவை நிமிரவில்லை. இலையின் நடுவில் பச்சை அப்படியே இருக்க, நுனியும் ஓரமும் மட்டும் கருகியிருந்தன. அதுவும் கொழுந்தைவிட அடியிலுள்ள முற்றிய இலைகளில்தான் அதிகம். மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது.

மச்சான் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஃபிளாட் பால்கனியில் அவரும் சில தொட்டிகள் வைத்திருக்கிறார். வீடியோ காலில் இந்தப் பொருக்கைக் காட்டியதும், "இங்கதான் பாலைவனம். மழை பெய்யுற ஊர்ல உப்பு எப்படி மாப்ள ஏறுது?" என்றார்.

கேள்வி நியாயமானது. துபாய், சார்ஜா பக்கம் சராசரி ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. 2024 ஏப்ரலில் ஒரே நாளில் கொட்டியதெல்லாம் விதிவிலக்கு. மதுரைக்கு 850 மி.மீ. ஒட்டி வரும். அக்கா வீட்டு மாடி ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. அதில் விழும் மழையைக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 80,000 லிட்டரை நெருங்கும். அதே மாடி சார்ஜாவில் இருந்தால் பத்தாயிரம் லிட்டரைத் தொடாது. இவ்வளவு மழை பெய்தும் இங்கே செடி உப்பில் கருகுகிறதென்றால், பார்க்க வேண்டியது தண்ணீரின் அளவையல்ல.

ஒரு மீட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ மீட்டர்தான். இதில் ஒரு விஷயம்: டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) என்று காட்டும் பிபிஎம் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை. அதைச் சில கம்பெனிகள் 0.5 ஆலும் சில 0.64 ஆலும் பெருக்கி பிபிஎம் ஆக்கிவிடுகின்றன. ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டும். இசி (மின்கடத்துதிறன்) என்ற பொத்தானை அழுத்தி, மூல எண்ணையே குறித்துக்கொள்வது நல்லது. பயிர்களுக்கான அட்டவணைகளும் அந்த அலகில்தான் இருக்கின்றன. மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்பது அலகு. இனி வெறும் எண்ணாகச் சொல்கிறேன்.

அக்கா வீட்டு போர் தண்ணீர் 2.6. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 0.5. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் 0.05, கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் 3.9. வீணாகிறதே என்று அந்தக் கடைசித் தண்ணீரைத்தான் குடத்தில் பிடித்துக் கத்தரிக்கு ஊற்றிவந்தார்கள். ஆனையூரில் பாதி மாடிகளில் இதைப் பார்க்கலாம். ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை. நல்ல தண்ணீரை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, உப்பை எல்லாம் மிச்சத்தில் திரட்டிக் கொடுக்கிறது. தரை துடைக்கவும் கக்கூஸ் கழுவவும் ஆகும். செடிக்கு ஆகாது.

பிறகு ஒரு கத்தரிப் பையில் தண்ணீரை நிறைய ஊற்றி, அடியில் வடிந்ததைப் பிடித்து அளந்தேன். 9.5. போரிலிருந்து வருவது 2.6, ஆர்ஓ கழிவே 3.9தான். அப்படியானால் 9.5 எங்கிருந்து?

கணக்கு சாதாரணமானது. 2.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 1.6 கிராம் உப்பு. கோடையில் ஒரு பைக்குத் தினம் இரண்டு லிட்டர் விட்டால் மூன்று கிராமுக்குமேல். மாதத்துக்கு 100 கிராம். செடி தண்ணீரைத்தான் குடிக்கிறது. உப்பில் மிகக் கொஞ்சமே உள்ளே போகிறது. வெயில் உறிஞ்சுவதும் வெறும் தண்ணீரைத்தான். மிச்ச உப்பு பையிலேயே தங்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று மாதத்தில் ஒவ்வொரு பைக்கும் கால் கிலோவுக்குமேல் உப்பைத் தட்டியிருக்கிறோம்.

பழைய பைகளைவிட சொட்டுநீர் போட்ட பைகளில் நிலைமை மோசமாக இருந்ததன் காரணமும் இதுதான். தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் டிரிப் போடுகிறோம். செடி குடிக்கும் அளவு மட்டும் சொட்டினால் அடியில் ஒரு சொட்டும் வடியாது. வடியாவிட்டால் உப்பு போக வழியில்லை. அதோடு, மாடி ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் அக்கா ஒவ்வொரு பைக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தாள். வடிந்த கொஞ்சமும் தட்டில் நின்று, பை அதையே மறுபடி உறிஞ்சிக்கொண்டது.

கார்த்திகையில் மட்டும் ஏன் தோட்டம் செழிக்கிறது என்பதும் இப்போது புரிந்தது. ஐப்பசி அடைமழை பையைக் கழுவிவிடுகிறது. தை, மாசி வரை தாங்குகிறது. அதற்குப் பிறகு உப்பு ஏறும் காலமும் வெயில் ஏறும் காலமும் ஒன்றாக வருவதால், பழி முழுக்க வெயில்மேல் விழுகிறது. சார்ஜாவில் கழுவிவிட ஐப்பசி இல்லை. பாலைவன நகரத்தில் தோட்டம் போடுவதற்குள்ள பெரிய தடையே இதுதான் என்பது என் கணிப்பு. பணம் இருந்தால் தண்ணீரைக் கொண்டுவந்துவிடலாம். அந்தத் தண்ணீர் விட்டுச்செல்லும் உப்பைக் கழுவ, இன்னும் கொஞ்சம் தண்ணீரை வேண்டுமென்றே கீழே விடவேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் காசு கொடுப்பவருக்கு அது மனசு வராத காரியம்.

வேடிக்கை என்னவென்றால், மச்சான் வீட்டுக் குழாயில் வருவது கடல் நீரை உப்பு நீக்கிய தண்ணீர். ஆனையூர் போரைவிட அது எவ்வளவோ இனிப்பு. அவர் பிரச்சினை வேறு: அந்தத் தண்ணீரில் மக்னீசியம் மிகக் குறைவு. இஸ்ரேலில் அஷ்கெலோன் கடல்நீர் ஆலை 2005இல் ஓடத் தொடங்கியபின், அந்தத் தண்ணீர் பாய்ந்த தக்காளியில் மக்னீசியக் குறைபாடு தெரிந்தது. மச்சானின் தக்காளியிலும் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தது. மக்னீசியம் உள்ள எப்சம் உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். உப்பு ஏறியவருக்கு ஒரு வைத்தியம், உப்பில்லாதவருக்கு உப்பே வைத்தியம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வடிகால். தட்டுகளை எல்லாம் எடுத்தோம். பைகளின் அடித் துளைகளை வேர் அடைத்திருந்தது, ஆணியைச் சூடாக்கிப் புதுத் துளைகள் போட்டேன். இரும்புக் கோணத்தில் முக்கால் அடி உயரத்துக்கு நீளமான ஸ்டாண்டு அடிக்கச் சொல்லி, அதன்மேல் பைகளை வரிசையாக வைத்தோம். ஸ்டாண்டுக்கு அடியில், நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் சரிவாகக் கட்டினோம். வடிகிற தண்ணீர் அந்தப் பாதிப் பைப்பில் ஓடி, மழைநீர்க் குழாயோடு சேராமல் தனிக் குழாய் வழியாகக் கீழே தென்னைக்குப் போகிறது. தென்னை உப்பை ஓரளவு தாங்கும். ஆனாலும் ஒரே மரத்துக்கு எப்போதும் விடுவதில்லை, இரண்டுக்கும் மாற்றி மாற்றி விடுகிறோம். இப்போது மாடித் தரை ஓடு ஈரமாவதே இல்லை. அக்காவின் ஒழுகல் பயமும் போனது.

பாரத்தையும் இந்த நேரத்தில் பார்த்துக்கொண்டோம். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலையில் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஈரமான தோட்ட மண்ணை வெறும் பத்து சென்டிமீட்டர் பரப்பினாலே 160 கிலோவுக்குமேல் போய்விடும். மாடியில் செங்கல் கட்டி மண் கொட்டிப் பாத்தி போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. தென்னை நார்க்கழிவு பாதிக்குமேல் கலந்த 40 லிட்டர் பை ஈரத்தோடு முப்பது கிலோவுக்குள் நிற்கும். ஸ்டாண்டுகளை நடுவில் போடாமல் சுவரும் உத்திரமும் போகும் ஓரமாகவே போட்டோம்.

அடுத்தது கழுவுவது. பையின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கி வெளியே வரவேண்டும். நாற்பது பைக்கு 3,000 லிட்டருக்குமேல். இதற்கு நல்ல தண்ணீர் தேடி அலையவேண்டியதில்லை. 9.5 இருக்கும் பையை 2.6 தண்ணீராலேயே கழுவலாம். உப்பு அந்தத் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், அதற்குக் கீழேதான் போகாது. போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு ஊற்றினோம். ஒரேயடியாக ஊற்றினால் பையின் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் உள்ள உப்பு அசையாது. வடிநீர் 3.5க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டோம். நார்க்கழிவு சோடியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டை நீர்க்கக் கரைத்து ஒருமுறை விட்டு மறுபடி அலசினோம். கால்சியம் போய் உட்கார, சோடியம் கழன்று வருகிறது. வைகாசியில் இடியோடு வந்த கோடைமழை மிச்ச வேலையைச் செய்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீண்ட வறட்சிக்குப்பின் லேசாகத் தூறினால் டிரிப்பை நிறுத்தாதீர்கள். சொட்டுநீர் விழும் ஈர வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு ஒதுங்கியிருக்கும். தூறல் அதைக் கரைத்து வேர்ப்பக்கம் தள்ளிவிடும். மழை வலுக்கும்வரை டிரிப்பும் ஓடிக்கொண்டிருந்தால் உப்பு வெளியே தள்ளப்படும். மழை பெய்யும்போது மோட்டார் போடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டிரிப்பர்களில் பாதி அடைத்திருந்தன. சுண்ணாம்புப் படிவம்தான். கீழமாசி வீதியில் எலுமிச்சை உப்பு வாங்கிவந்து, வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடுகிறது. மானாமதுரை மண்பானையைச் செடிப்பக்கம் புதைத்து நீர் கசியவிடும் முறையையும் இரண்டு பெரிய தொட்டிகளில் செய்தோம். சீனாவில் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதிவைத்த முறை அது. மழைத்தண்ணீர் ஊற்றிய பானை நன்றாகக் கசிகிறது. போர் தண்ணீர் ஊற்றிய பானையின் கண்கள் அடைபட்டுவிட்டன.

இனிமேல் உப்பு ஏறாமல் இருக்க என்ன செய்வது? வேளாண் புத்தகங்களில் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பயிர் தாங்கும் மண் உப்பின் அளவை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து தண்ணீரின் உப்பைக் கழியுங்கள். தண்ணீரின் உப்பை அந்த விடையால் வகுத்தால், விடும் தண்ணீரில் எந்தப் பங்கு கீழே வடியவேண்டும் என்று தெரியும். வயலுக்குச் சொன்ன கணக்குதான், ஆனாலும் பைக்குத் தோராயமாகப் பயன்படுகிறது. தக்காளி 2.5 வரை தாங்கும். போர் தண்ணீர் 2.6க்குக் கணக்குப் போட்டால் கால் பங்கு வடிந்தால் போதும். கத்தரி தாங்குவது 1.1தான். அதே தண்ணீருக்குப் பத்தில் ஒன்பது பங்கு வடியவேண்டும் என்று விடை வருகிறது, அதாவது நடக்காது. பீன்ஸும் கேரட்டும் 1.0, வெங்காயம் 1.2. இவையெல்லாம் வீட்டில் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிற பயிர்கள். மறுபக்கம் தட்டைப்பயறு 4.9, கொத்தவரை 8.8. வானம் பார்த்த நிலத்தில் ஆச்சிகள் கொத்தவரையையும் தட்டாங்காயையும் விடாமல் போட்டதற்கு இந்த எண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆக, இரண்டு குழாய் போட்டோம். தக்காளி, கொத்தவரை, தட்டை, பருப்புக்கீரை எல்லாம் போர் தண்ணீர் வரிசை. கத்தரியும் அவரையும் கலப்புத் தண்ணீர் வரிசை.

கலப்புத் தண்ணீருக்கு மழைநீரும் ஏசி நீரும். 2003இலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். அக்கா வீட்டிலும் குழாய் இருக்கிறது, எல்லாம் நிலத்துக்குள் போய்விடும். அதை மறிக்காமல் பாதியில் ஒரு கிளை எடுத்து ஆயிரம் லிட்டர் டேங்கில் விட்டோம். கொசு பெரிய தொல்லை. டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் எட்டிப்பார்ப்பது இப்படிப்பட்ட டேங்கைத்தான். மூடியும் வலையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. ஏசி நீரைச் சின்ன விஷயம் என்று நினைத்தால், துபாயில் புர்ஜ் கலீபா கட்டடம் அதன் குளிர்சாதனங்களில் சேரும் நீரை வருஷத்துக்கு ஐந்தரைக் கோடி லிட்டருக்குமேல் பிடித்து, தன் தோட்டத்துக்கே பாய்ச்சுகிறது. அக்கா வீட்டில் இரண்டு ஏசிக்கும் சேர்த்து இரவில் ஒரு குடம் தேறும். ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு மழைநீர் கலந்தால் 0.9க்கு வருகிறது. அப்போது கத்தரிக்கும் ஐந்தில் ஒரு பங்கு வடிந்தால் போதும்.

வெயிலுக்கும் செய்யவேண்டியது இருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புப் பையின் மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகினால் 41 டிகிரி. வேர் வேகிற சூடு. பைகளின் மேற்குப் பக்கம் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றி, மேலே வைக்கோல் பரப்பி, பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டியபிறகு 34க்கு இறங்கியது. வலையை இறுக்கிக் கட்டினால் ஆடிக்காற்று கிழித்துவிடும், கொஞ்சம் தளர்வாக ரப்பர் கயிற்றில் கட்டவேண்டும். தக்காளிக்கு மட்டும் இது போதாது. பகலில் 35ஐத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் செத்துப் பூ உதிர்கிறது. கத்திரி வெயிலில் மதுரை இரவு அவ்வளவு குளிர்வதில்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்குமேல் அடித்தது. அங்கெல்லாம் கோடையில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதில்லை. சார்ஜாவிலும் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து பங்குனியோடு முடித்துவிடுகிறார்கள். நாமும் சித்திரையில் தக்காளிக்கு ஓய்வு கொடுத்துவிடுவதே உத்தமம்.

மாடியை விட்டுவிட்டுப் பக்கத்துக் காலி மனையில் போடலாமே என்று மச்சான் கேட்டார். கடப்பாரை போட்டுப் பார்த்தோம். மேலே கட்டட இடிபாடு, ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான். அரிசோனாவிலும் லாஸ் வேகஸிலும் இதே சுண்ணாம்புப் பாறை மண்ணுக்கடியில் படர்ந்து கிடந்து தோட்டக்காரர்களைப் படுத்துகிறது. உடைத்துத் துளை போடாவிட்டால் தண்ணீரும் இறங்காது, உப்பும் இறங்காது. அப்படியே உடைத்தாலும் மனைக்காரர் நாளைக்கே வாசக்கால் வைக்க வருவார். வாடகை ஃபிளாட்டில் இருக்கும் மச்சானுக்கும் இதே நிலைதான். பால்கனியிலிருந்து சொட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார், ஆகவே அவரால் வடியவிடவே முடிவதில்லை. என் பாதிப் பைப் யோசனையைத்தான் இப்போது ஒரு பக்கெட்டோடு செய்திருக்கிறார்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டு, வலை, டேங்க் எல்லாம் சேர்த்துச் செலவழித்ததற்கு அண்ணா நகர் உழவர் சந்தையில் பல வருஷம் காய் வாங்கலாம். 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்த ஊர் இது. சுற்றுவட்டாரமே காய் விளைவிக்கும்போது மாடித்தோட்டம் லாபத்துக்காக இல்லை. வளைகுடாவில் கீரைகூட விமானத்தில் வரும் என்பதால் அங்கே கணக்கு மாறுகிறது. துபாயில் 2022இல் திறந்த புஸ்தானிகா போன்ற அடுக்குப் பண்ணைகள், மூடிய கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில், மண்ணே இல்லாமல், தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தி இலைக்கீரை வளர்க்கின்றன. உப்பையும் வெயிலையும் பணத்தாலும் மின்சாரத்தாலும் வெளியே நிறுத்திவைக்கும் வழி அது. ஆனால் அங்கிருந்து வருவது இலைதான், கத்தரிக்காய் வருவதில்லை.

இப்போது புரட்டாசி. கொத்தவரையும் தட்டையும் தொங்குகின்றன. தக்காளி பூவெடுத்திருக்கிறது. கறிவேப்பிலை இன்னும் மஞ்சளடிக்கிறது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு இரும்புச்சத்தைக் கட்டிவைத்திருப்பதால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டும் பலனில்லை. காரமண்ணிலும் கரைந்துநிற்கும் இடிடிஹெச்ஏ வகை இரும்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அக்கா புளித்த மோர் ஊற்றுகிறாள். கலப்புத் தண்ணீர் வரிசையில் வடிநீர் இன்னும் 2.8 காட்டுகிறது. ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி அளக்கவேண்டும். 2க்குக் கீழே வந்திருந்தால் கத்தரி நாற்று வைப்போம். இல்லாவிட்டால் அந்த வரிசையிலும் கொத்தவரைதான், அக்கா எவ்வளவு முணுமுணுத்தாலும்.